வள்ளமே வண்டி

கேள்வி: சண்டை மூண்டு ரோடெல்லாம் அடைபட்டால், 108 வண்டி எந்த வழியாக வருமாம்?
– ஒரு மீனவர், கீழவைப்பார்

பதில்: உங்கள் வள்ளத்தின் வழியாகத்தான்! 2009-ல் இலங்கையின் வன்னியில், போரின் கடைசி மாதங்களில் அதுதான் நடந்தது. புதுமாத்தளனில் பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரி, தரைவழி கிடையாது. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய ‘கிரீன் ஓஷன்’ கப்பல் கரைக்கு வர முடியாமல் கடலிலேயே நின்றது. காயம்பட்டவர்களை மணலில் தூக்கிவந்து, மீன்பிடிப் படகில் கிடத்தி, அலை தாண்டிக் கப்பலில் சேர்த்தார்கள். பிப்ரவரி முதல் மே வரை, நோயாளிகளும் உடன்போனவர்களுமாகச் சுமார் 14,000 பேர் அப்படித் தப்பினார்கள். புல்மோட்டையில் கரையிறங்கியவர்களுக்கு வைத்தியம் பார்த்தது நம் இந்திய மருத்துவக் குழு.

மே 9-க்குப் பிறகு குண்டுமழையில் கப்பலால் கரையை நெருங்கவே முடியவில்லை. மிச்சமிருந்த காயக்காரர்கள் அங்கேயே கிடந்தார்கள்.