புறா துணை

டோல் சாவடியில் 26 வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கு மனிதர்களின் கால் தெரியாது. கார்க் கண்ணாடி இறங்கும், ஒரு கை நீளும், நோட்டு வரும், சில்லறை போகும். கைகளில் நான் கரை கண்டவன். மோதிரக் கை, மருதாணி காயாத கை, சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் பத்துக் காசுகளாக எண்ணிக் கொடுக்கிற கை. கட்டணமெல்லாம் கார்டுக்கு மாறி, சாவடியில் ஆளே தேவையில்லை என்று ஆனதும், வீட்டுக்கு வந்து படம் வரைய உட்கார்ந்தேன். கைகள் அழகாக வந்தன. முட்டிக்குக் கீழே இறங்கினால் முருங்கைக்காய்.

பத்துமலையில் குடியிருப்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. கோயில் முன்வெளியில் கால் வைக்க இடமில்லாமல் புறாக்கள். ஆகவே என் படங்களில் பக்தர்கள் அத்தனை பேருக்கும் கணுக்காலுக்குக் கீழே புறா. காவடி தூக்குகிறவருக்கு 12, பால்குடம் எடுக்கிற அம்மாவுக்கு 8. வேலும் மயிலும் துணை என்பார்கள்; எனக்குப் புறா துணை.

யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ஒருமுறை ஒருவர் “எங்க படிச்சீங்க?” என்று விடாமல் கேட்டபோது, “சென்னையில” என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய் இல்லை. சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு மூன்று நாள் போயிருந்தேன். கல்யாண மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டினவர்களை வெகுநேரம் வேடிக்கை பார்த்தேன்.

இந்தப் பொய்க்கும் ஒரு முன்னோடி உண்டு என்று மகள்தான் கண்டுபிடித்தாள். “அப்பா, உங்க ஆளு ஒருத்தர் இருக்காரு” என்று கைப்பேசியை நீட்டினாள். ஆன்ரி ரூசோ. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த தத்துவ ரூசோ இல்லை, இவர் 1844இல் பிறந்த ஓவிய ரூசோ. பாரீஸ் நகரத்து எல்லையில் நின்று, உள்ளே வரும் சரக்குகளுக்கு வரி வசூலித்தவர். அதாவது, டோல்காரர்! 1893இல், 49 வயதில், வேலையை விட்டுவிட்டு முழுநேரம் வரைய உட்கார்ந்தார். ‘சுங்க அதிகாரி’ என்று ஊரில் அவருக்குப் பட்டப்பெயர். அந்தப் பதவிக்கு அவர் உயர்ந்ததே இல்லை. எங்கள் சாவடியிலும் ஒருவரை ‘மேனேஜர்’ என்று கூப்பிட்டால், அவர் மேனேஜர் இல்லை என்று அர்த்தம்.

மெக்சிகோவில் பிரெஞ்சுப் படையோடு இருந்தபோது காடுகளைப் பார்த்தேன் என்று அவர் விட்ட கதையைப் பலரும் நம்பியிருக்கிறார்கள். மனிதர் பிரான்சைத் தாண்டியதே இல்லை. புலி உறுமும் அந்தக் காடெல்லாம் பாரீஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டுச் செடிகளைப் பார்த்துப் பெருக்கினது. எனக்கோ வீட்டுக்குப் பின்னால் நிஜக் காடு, நிஜக் குரங்கு, 40 கோடி வருடத்துச் சுண்ணாம்புப் பாறை. ஆனாலும் என் மரம் புரோக்கோலி மாதிரிதான் வருகிறது.

பாலைவனத்தில் ஒருத்தி தூங்க, பக்கத்தில் சிங்கம் வந்து மோந்து பார்க்கிற ‘தூங்கும் ஜிப்சி’யை 1897இல் வரைந்தார். சொந்த ஊரான லாவாலின் மேயருக்கு எழுதி, விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மேயர் வாங்கவில்லை. அந்தப் படம் இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைப் படித்த உற்சாகத்தில், எங்கள் தாமான் பெரியவர் ஒருவரிடம் போய், மண்டபத்துக்கு ஒரு படம் இலவசமாகவே தருகிறேன் என்றேன். “சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுப்பா” என்றார்.

ரூசோவின் கடைசி வருடமான 1910இல் வந்தது ‘கனவு’. அடர்ந்த காட்டுக்குள் ஒரு சோபா, அதில் ஒரு பெண். காட்டில் சோபா எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு, சோபாவில் தூங்குகிறவள்தான் காட்டைக் கனவு காண்கிறாள் என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் குழப்பமே வரவில்லை. எங்கள் தாமான் ஓரத்துப் புதரில் எந்த நேரமும் மூன்று சோபா கிடக்கும்.

என் கஷ்டமே இதுதான். கனவு மாதிரி வரையலாம் என்று உட்கார்ந்தால், இந்த ஊர் முந்திக்கொள்கிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பச்சை அனுமார் 15 மீட்டருக்கு நிற்கிறார். ராமாயணக் குகைக்குள் கும்பகர்ணன் மலைபோலப் படுத்திருக்க, குட்டிக் குட்டி ஆட்கள் அவனை எழுப்பப் படாதபாடு படுகிறார்கள் (மகனை ஸ்கூலுக்கு அனுப்பிய எந்தத் தாய்க்கும் இது தெரிந்த காட்சி). இருட்டுக் குகையில், தன் பொந்துக்கு மூடி போட்டுக் கதவுபோலத் திறந்து மூடும் சிலந்தி இருக்கிறது. 42.7 மீட்டர் முருகனுக்கு மட்டும் 300 லிட்டர் தங்கச் சாயம் தாய்லாந்திலிருந்து வந்ததாம். நான் ஒரு குட்டித் தங்க டியூபை ஒரு வருடமாகப் பிதுக்கிக்கொண்டிருக்கிறேன். இதற்கு நடுவில் நான் என்னத்தைக் கற்பனை செய்வது?

ஒரு காலையில், முன்வாசலில் படத்தைச் சாய்த்துவிட்டுத் தே தாரே எடுக்க உள்ளே போனேன். வந்து பார்த்தால் மதில்மேல் குரங்கு, கையில் என் நீல டியூப். பிள்ளைகள் உபயோகிக்கிற விஷமில்லாத சாயம்தான், பயப்பட வேண்டாம். அது டியூபை வாழைப்பழம்போல நுனியில் கடித்தது, உறிஞ்சியது, முகத்தைச் சுளித்தது, இன்னொரு தடவை உறிஞ்சியது. பிறகு, வெற்றிலை போட்ட பாட்டி மாதிரி கீழுதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டு வெள்ளை மைவி காரின் கூரைமேல் குதித்து ஐந்து விரலும் பதிய நடந்து போனது. மைவி கழுவ 15 வெள்ளி கொடுத்தேன். “சாயத்த மூடி வைங்கன்னு சொன்னா கேக்குறீங்களா?” என்றாள் மனைவி.

பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தேன்: மதில், மைவி, நீல வாய். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூடத்தில் என் வேறு சில படங்களோடு அதையும் மாட்டினார்கள். ஓர் இளைஞர் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். “அங்கிள், எப்படி இப்படிக் கற்பனை வருது? அந்த நீலம் நம்ம சமூகத்தோட பேச முடியாத வலிதானே?”

“ஆமா தம்பி” என்றேன். 80 வெள்ளிக்கு வாங்கிப் போனார். மற்றப் படங்களில் புறாக்கள் எதற்கு என்றும் கேட்டார். அதற்கும் அவரே ஒரு காரணம் சொன்னார், நான் தலையாட்டினேன்.

ஆக, கண்ணால் கண்டது கற்பனையாகிவிட்டது. கற்பனையாக வரைந்ததன் கதி இன்னும் மோசம். 2016 தைப்பூசம் முடிந்த வாரம் அது. 272 படிகளும் அப்போது சாதாரணமாகத்தான் இருந்தன. நான் படத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வர்ணம் கொடுத்து, வானவில் குகைக்குள் ஏறிப் போவதுபோல வரைந்தேன். முதல்முறையாக, முழுக்க முழுக்க என் மண்டையிலிருந்து வந்த படம். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “சாமி படிக்கட்டுல இப்படியா கலர் அடிப்பே?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். படத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

2018 ஆகஸ்டில், கும்பாபிஷேகத்தை ஒட்டி, 272 படிகளுக்கும் நிஜமாகவே வர்ணம் அடித்துவிட்டார்கள். தங்களிடம் அனுமதி வாங்கவில்லை என்று மரபுடைமைத் துறை கேள்வி எழுப்ப, மறுபக்கம் உலகம் முழுக்க அந்தப் படிக்கட்டுப் படம் பரவியது. நான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய், தூசி தட்டி, வாசலில் வைத்தேன்.

அக்கா வந்து பார்த்தார். “பரவால்லையே தம்பி, பாத்து அப்படியே வரைஞ்சிட்டே. கலர் வரிசைதான் கொஞ்சம் தப்பு.”

முன்னாலேயே வரைந்தது என்று சொல்லிப் பார்த்தேன். தேதி எங்கே என்றார். போடவில்லை.

இப்போதெல்லாம் வெற்றுக் கேன்வாஸில் முதல் வேலையாகத் தேதியைத்தான் எழுதுகிறேன். கீழ் ஓரத்தில், புறாக்களுக்குப் பக்கத்தில் இருக்கும்.