அடிக்குறிப்பும் மணியாச்சி ஜங்ஷனும்: ஓர் ஆய்வு

வந்த வண்டியைவிட்டு இறங்கி, கிளை வண்டி பிடித்துப் போய், காரியம் முடிந்ததும் இறங்கிய இடத்துக்கே திரும்பி வருவது அடிக்குறிப்பு. இந்த இலக்கணம் மணியாச்சி ஜங்ஷனுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும் என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வாளர் மார்க்டவுன் என்ற எழுத்துக் குறிமுறையில் மென்பொருள் கையேடு எழுதிப் பிழைப்பவர்; ஊருக்குப் போக முத்துநகர் எக்ஸ்பிரஸை நம்பியிருப்பவர். இரு துறையிலும் புலமை உண்டு.

முதற்கண் வரலாறு. 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் அடிக்குறிப்பே கிடையாது. தடித்த எழுத்து உண்டு, சாய்ந்த எழுத்து உண்டு. அதாவது சத்தம் போடலாம், ஆதாரம் காட்ட முடியாது. பாண்டாக் முதலிய மென்பொருள்கள் [^1] என்ற குறியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தும், கிட்ஹப் தளம் அதை ஏற்றது 2021-ல்தான். நாம் சிரிக்க வேண்டாம். 'என்மனார் புலவர்' என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்தப் புலவர்? சொடுக்கிப் பார்த்தால் ஒன்றும் திறக்கவில்லை.

அடுத்து, பெயர். குறிக்குள் எண்தான் இருக்கவேண்டும் என்றில்லை. [^மணியாச்சி] என்றும் எழுதலாம். வாசகர் கண்ணுக்கு அது வரிசைப்படி 1, 2 என்றுதான் தெரியும். ஆனால் நடுவில் இடைவெளி ஆகாது. எனவே 'வாஞ்சி மணியாச்சி' என்று மதிப்போடு வைத்த பெயர் இங்கே செல்லாது. ரயில்வே இதை முன்கூட்டியே உணர்ந்திருக்கவேண்டும்: பலகையில் பெயர் மாறியும் நிலையக் குறியீடு இன்னும் எம்.இ.ஜே. தான்.

இனி, அறிஞர்கள் கைகலக்கும் இடம்: எது மூலம், எது குறிப்பு? நெல்லைக்காரரைக் கேட்டால் மதுரையிலிருந்து தங்கள் ஊருக்கு வருவதே மெயின் லைன், தூத்துக்குடி வெறும் கிளை என்பார். 1876-ல் பாதை போட்டபோது நிலைமை நேர்மாறு. தண்டவாளம் துறைமுகத்தைப் பார்த்து ஓடியது. கொழும்புக் கப்பலுக்கு ஆள் சேர்க்கவேண்டும். நெல்லைதான் மணியாச்சியில் பிரிந்த கிளை. குறிப்பு நாளடைவில் மூலமாகிவிட்டது. கையேடுகளிலும் இதைக் கண்டிருக்கிறேன்: 'விதிவிலக்கு' என்று அடியில் ஒரு வரி எழுதுவோம், இரண்டு வருஷத்தில் எல்லாரும் அதைத்தான் பின்பற்றுவார்கள்.

1911 ஜூன் 17 காலை கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் காத்திருந்ததும் அந்தத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகத்தான். கொடைக்கானல் போகும் வழி. வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். ஏன் செய்தார் என்பதைச் சொல்லும் கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. இந்தப் பத்திக்கு உவமை எதுவும் வேண்டாம்.

கடைசியாகச் சோதனை முடிவுகள். கீழே விளக்கம் எழுதி, மேலே குறி போட மறந்தால், விளக்கம் சத்தமில்லாமல் காணாமல்போகும். கரிசல் வெயிலில் கிளை வண்டிக்குக் காத்து நின்ற ஆளை யாரும் விசாரிப்பதில்லை. மேலே குறி போட்டுக் கீழே விளக்கம் எழுத மறந்தாலோ, குறி அடைப்போடு அப்படியே பக்கத்தில் நிற்கும். சென்ற மாதம் ஒரு கையேட்டில் பரிசோதனைக்காக [^மணியாச்சி] என்று போட்டு, மறந்துபோய் அனுப்பிவிட்டேன். மறுநாள் வாடிக்கையாளர் போனில் வந்தார்.

"சார், மத்ததெல்லாம் இன்ஸ்டால் ஆயிடுச்சு. இந்த மணியாச்சி மாட்யூல் மட்டும் எங்க இருக்குன்னு தெரியல."

"கோவில்பட்டி தாண்டி, சார்" என்று வாய்வரை வந்துவிட்டது.