மீனுக்குக் கிடைத்த மாப்பிள்ளை மரியாதை

களனிப் பள்ளத்தாக்கைப் பூர்வீகமாகக் கொண்டு மாத்தளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் எங்கள் வீட்டில் ஏழு பேர். ஒருவன் நான், எட்டியாந்தோட்டைக்காரன். மற்ற ஆறும் மீன்கள். கடையில் புலத் ஹபயா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இணை தேடும் காலத்தில் ஆண் மீனின் தலைப்பக்கம் வெற்றிலை போட்ட வாயாய்ச் சிவந்துவிடும். வெற்றிலைப் பிரியையான எங்கள் அத்தைக்கு மீனைப் பிடித்துப்போக அது ஒன்றே போதுமாக இருந்தது. என்னைப் பிடித்துப்போக இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்.

கடை மீன் பண்ணையில் பிறந்ததுதான். ஆனாலும் அதன் பாட்டன் பூட்டன் வாழ்ந்தது களனி, களு கங்கைப் பக்கத்து மழைக்காட்டு ஓடைகளில். நிழல், உதிர்ந்த இலை, சற்றே அமிலப் பக்கம் சாய்ந்த மென்மையான தண்ணீர். மாத்தளைக் கிணற்றுத் தண்ணீரின் குணமே வேறு. மண்ணுக்கடியில் டொலமைட் பாறை, ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புச் சூளை. எங்கள் கேத்தலுக்குள் நகத்தால் சுரண்டினால் வெள்ளை வெள்ளையாய்ச் செதில் பெயர்ந்து வரும். கல்யாணமான புதிதில் நான் தலைக்குச் சவர்க்காரம் போட்டுவிட்டு, நுரை வருமென்று கிணற்றடியில் நின்றுகொண்டே இருப்பேன். “மாப்பிள்ளைக்கு இன்னும் குளிச்சு முடியலையா?” என்று குசினியில் பேச்சு நடக்கும். தண்ணீர் மாறினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதற்கு இந்த வீட்டிலேயே சாட்சி இருந்தும், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி எல்லாவற்றையும் தானே படித்து வைத்திருந்தாள்.

மீன் வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே தொட்டி வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு ஆகாது. அது வெளியேறத் தண்ணீரை ஒரு நாளாவது திறந்து வைக்க வேண்டும். அதனால் வீட்டிலிருந்த வாளியெல்லாம் மீனுக்குப் போய், நான் சட்டிச் செம்பில் குளித்தேன். பிறகு பில்டரை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவற்றுக்கும் வயிறு உண்டே! ஆகவே மீனே இல்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். வந்து போகிறவர்கள் தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு என்னை உற்றுப் பார்ப்பார்கள். அத்தைதான் விளக்கம் சொல்வார்: “எங்க மாப்பிள்ளை தண்ணி வளக்கிறாரு.”

ஒருவழியாக மீனைக் கண்டியில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சொப்பிங் பேக்கில் அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே ஒட்சிசன். வத்தேகமையில் ஏறிய ஒரு அம்மா பையைக் கொஞ்ச நேரம் எடைபோட்டுவிட்டு, “ஒரு குழம்புக்குக் காணாதே, தம்பி” என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஹோல் விளக்கு அணைந்தது. “என்னங்க, அவசரப்பட்டு அவிழ்க்காதீங்க.” கட்டிய பையை அப்படியே தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டால் இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகும். நக்கிள்ஸ் மலைக் காற்று இறங்கும் மார்கழியில் இதைத் தவறவிட்டால் மீன் விறைத்துப் போகும். அதன் பிறகு முடிச்சை அவிழ்த்து, ஐந்து நிமிடத்துக்கொரு தரம் பிளேன்டிக் கோப்பையில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்ற வேண்டும். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீருக்கு மீன் பழக வேண்டுமல்லவா.

இந்த உபசாரத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. மூடிய பைக்குள் மீன் விடும் காபனீரொட்சைட்டு தண்ணீரை அமிலமாக்கும். அந்த அமிலத்தில் அமோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அமோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு பறக்கும், அமிலம் குறையும், அடங்கிக் கிடந்தது பல்லைக் காட்டும். நாள்கணக்கில் பயணப்பட்டு வந்த மீனுக்கு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டால், அன்பாலேயே அதைக் கொன்றதாகிவிடும். கண்டித் தூரத்துக்கு அந்தப் பயமில்லை.

கடைசியில் மீனை மட்டும் வலையால் ஏந்தித் தொட்டிக்குள் விட்டு, கடைத் தண்ணீரை வாழையடியில் கொட்டினோம். எந்த நோய் அதில் வந்திருக்கிறதோ! முதல் நாள் சாப்பாடு கிடையாது. கண்ணாடியைத் தட்டினால் கை உடையும் என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கை.

நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று ஹோலில் இருந்த விளக்கெல்லாம் எரிந்தது. பக்கத்து வீட்டில் ஒன்று இரவலும் வாங்கியிருந்தார்கள். மிதக்கவிடுவதாவது! வாசலிலிருந்து நேரே பந்திக்குத் தள்ளினார்கள். இடியப்பம் போதும் என்றால் “சமையல் பிடிக்கலையோ?” என்றார்கள். முதுகில் தட்டாத சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லை. பயந்து ஒதுங்க ஒரு பாசிச்செடிகூட இல்லை.

மச்சானுக்கு இந்த மீன் தெரிவே பிடிக்கவில்லை. “சொந்த ஊர் மீன் இருக்க, வரத்து மீனுக்கு ஏன் இவ்வளவு செலவு?” என்றான். வரத்து என்ற இடத்தில் என்னைப் பார்த்தான். அவன் சொன்னது தங்குட பெத்தியா. 1985இல் ரணில் சேனாநாயக்க அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய மீன். லக்கலைப் பக்கத்துக் களு கங்கையில்தான் அதன் வாசம். களுத்துறைக்குப் போகும் களு கங்கை வேறு, இது அம்பன் கங்கையில் சேர்வது. உலகத்தில் இந்த நக்கிள்ஸ் சாரலை விட்டால் அதற்குச் சொந்த ஊர் இல்லை. போதாக்குறைக்கு அந்த ஆற்றை மறித்த நீர்த்தேக்கத்தையும் 2018இல் நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். அழியும் ஆபத்திலிருக்கும் அதைத் தொட்டிக்குக் கொண்டுவருவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் மச்சானை எதிர்த்து வென்ற ஒரே வழக்கு இது.

அத்தையின் கவலை வேறு. ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியென்றால் புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும், வெண்புள்ளி நோய் இருந்தால் உடம்பில் உப்புத் தூவியது போலத் தெரியும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை உடனே எழுந்து ஒரு கொத்து வேப்பிலையைத் தொட்டி மூடியில் செருகிவிட்டு, மீனுக்கு அம்மை போடாமலிருந்தால் மாசி மகத் தேருக்கு முத்துமாரிக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். எனக்கு ஒரு முறை காய்ச்சல் வந்தபோது பனடோல்தான் கிடைத்தது.

ஆறு மீனும் நிறம் வெளுத்துச் செடிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. புது இடத்தில் ஓரிரு நாள் அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று இருட்டு ஹோலில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வெகுநேரம் தொட்டியையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: “மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் குசினிப் பக்கம் போய் உக்காருங்க. அதுங்க உங்களப் பாத்துத்தான் ஒளியுதுங்க.”