டூபா வாங்கப் போற மருமவனுக்கு

சீட்டு எடுத்துட்டியாமே மருமவனே, உங்கம்மா சொல்லிச்சு. அந்தப் பணத்துல ஒரு கறவை மாடு வாங்கலாம், ஊட்டுக்குத் தளம் போடலாம், பொண்ணு பார்த்து ஒரு கல்யாணமாவது கட்டிக்கலாம். நீ மெட்ராஸுக்குப் போயி டூபா வாங்கப் போறே. ரொம்ப சந்தோசம். நம்ம விஜயபுரம் பக்கத்துல பேண்டு செட்டுன்னா ட்ரம்பெட்டு, கிளாரினெட்டு, யுபோனியம், ட்ரம்மு, அதோட சரி. அடியில நின்னு 'பம் பம்'னு முட்டுக் குடுக்க ஆளில்லேன்னு நீ பொலம்பறது நியாயந்தான். பல்லு ஆட்டம் காணுற வரைக்கும் யுபோனியம் ஊதுனவன் நான். அதனால எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ நினைக்கறதும் சரிதான். இருந்தாலும் தாய்மாமன் வாயை மூடிக்கினு இருந்தா ஊரு சிரிக்காதா?

கடைக்குள்ள நுழைஞ்சதும் எது ரொம்ப மின்னுதோ நேரா அதுகிட்டப் போ. அதுல உன் மூஞ்சியப் பாரு, கிராப்பு சீவிக்கோ. அதுக்குத்தானே தேய்ச்சு வச்சிருக்காங்க! தட்டி நிமித்தி லாக்கர் பூசிட்டா பழசு எது புதுசு எதுன்னு பித்தளையே மறந்துடும். மேல விரிஞ்சிருக்குதே பெரிய வாய், அதுல நாலு ஒடுக்கு இருந்தா 'ஐயய்யோ'ன்னு கத்துவே. அந்த ஒடுக்கால சத்தத்துக்குப் பெருசா ஒண்ணும் ஆவாது. மவுத்பீஸ்லேருந்து வால்வு வரைக்கும் போவுதே ஒல்லிக் குழாய், அதுல விழுந்த ஒடுக்கு ஒண்ணே ஒண்ணு போதும், மூச்சு மாட்டிக்கும். அதைக் கண்ணால பாக்காதே, விரலால தடவிப் பாரு.

அப்புறம் எல்லாரும் பண்றதையே நீயும் பண்ணுவே. கன்னம் உப்ப ஒரு ஊது ஊதி, கடையோட கண்ணாடி அலமாரி கிடுகிடுக்கறதைக் கேட்டு, 'இதான், இதையே கட்டுங்க'ன்னுவே. நாலு சுவருக்குள்ள, அதுவும் மூலையில நின்னு ஊதுனா கனத்த சத்தம் எதுவா இருந்தாலும் ரெண்டு பங்காத்தான் கேக்கும். அந்த அலமாரியையும் சேத்துக் குடுப்பாங்களா, கேட்டுக்கோ. புத்தி இருந்தா, அடி சுரத்தைப் பொட்டிப் பாம்பாட்டம் மெதுவா, இழுத்து ஊதிப் பாரு. மெதுவா ஊதும்போது நடுங்காம நிக்கற வாத்தியந்தான் சத்தமா ஊதும்போதும் நிக்கும். கூட யுபோனியம் ஊதற பையனைக் கூட்டிக்கினு போ. அவன் கையில குடுத்து ஊதச் சொல்லிட்டு நீ வாசலுக்குப் போயி நில்லு. ஊதறவன் காதுக்குக் கேக்கற சத்தம் ஒண்ணு, தள்ளி நிக்கறவன் காதுக்கு வர்றது வேற. பந்தியில உக்காந்தவங்க கேக்கப்போறது ரெண்டாவதைத்தான்.

உன் சொந்த மவுத்பீஸை மடியில கட்டிக்கினு போ. ஒவ்வொரு டூபாவுக்கும் கடைக்காரர் ஒவ்வொரு மவுத்பீஸ் மாட்டிக் குடுப்பாரு. நீ மவுத்பீஸை மெச்சிட்டு டூபாவுக்குக் காசு குடுத்துட்டு வருவே.

இந்தப் பாழாப்போன வாத்தியம் 1835-ல பெர்லின்ல பொறந்துச்சு. வீப்ரெக்ட்டுன்னு பட்டாளத்து பேண்டு மாஸ்டர் ஒருத்தரு, மோரிட்ஸுன்னு வாத்தியம் செய்யறவரு ஒருத்தரு, ரெண்டு பேரும் சேந்து அதுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. நம்ம தஞ்சாவூரு ரெண்டாம் சரபோஜிக்கு வெள்ளைக்காரன் வாத்தியம்னா உசுரு, அரமனையிலயே பேண்டு வச்சிருந்தாரு. 1832-ல கண்ணை மூடிட்டாரு. மூணே வருசத்துல தப்பிச்சாரு மகராசன்! இல்லேன்னா தஞ்சாவூரு கஜானாவும் உன் சீட்டுப் பணம் போற வழியிலதான் போயிருக்கும்.

எந்த சுருதி வாங்கப் போறேன்னு கேட்டா, 'பெருசா இருக்கறது'ன்னு சொன்னியாம். பெரிய பி பிளாட் டூபாவப் பிரிச்சு நீட்டினா கிட்டத்தட்ட 18 அடிக் குழாய். ஈ பிளாட்டுல 13 அடி. எடை அப்படியிப்படி 10 கிலோ வரும். நகரி பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடினாலே உனக்கு இளைக்குது. இதுல 18 அடிக்கு மூச்சைத் தள்ளிக்கினு மாப்பிள்ளை ஊர்வலம் வேற நடக்கணும். ஆனா ஒரு வசதி. தோள்பட்டை எறங்கினா மெட்ராஸுக்கு ஓட வேணாம், புத்தூரு கட்டு நமக்குப் பக்கத்துலயே இருக்குது. நம்ம செட்டு ட்ரம்பெட்டு பி பிளாட்டுங்கறதால நீயும் பி பிளாட்டுக்கோ ஈ பிளாட்டுக்கோ போ. சி, எஃப் எல்லாம் கோட்டு போட்டுக்கினு நாற்காலியில உக்காந்து வாசிக்கறவங்க சமாச்சாரம்.

வால்வு மூணா நாலான்னு ஒரு கேள்வி வரும். ஒண்ணாவதையும் மூணாவதையும் சேத்து அமுத்துனா சுருதி மேல ஏறிக்கும். உடனே வாசிக்கறவனைத் திட்டுவாங்க. குத்தம் அவன்மேல இல்லே, குழாய்க் கணக்கு அப்படி. தனித்தனியா அமுத்தும்போது சரியா இருக்கற நீளம், ரெண்டும் சேந்து குழாய் நீண்டதும் போதாமப் போயிடுது. அந்தக் குறைய ஈடு கட்டத்தான் நாலாவது வால்வு. காசு இருந்தா நாலு வாங்கு. இல்லேன்னா மூணு வாங்கி, சுருதி தப்பறப்போ எல்லாம் ட்ரம்பெட்டுக்காரனை முறைச்சுப் பாரு. ஊரே அவனைத்தான் சந்தேகப்படும்.

வால்வு காத்து விடுதான்னு பாக்க ஒரு வித்தை இருக்குது. வால்வை அமுத்தாம அதோட ஸ்லைடை மட்டும் கொஞ்சம் வெளிய இழு. இழுத்தபடியே வால்வை அமுத்து. 'டப்'புன்னு சத்தம் வந்தா காத்து அடைச்சு நிக்குதுன்னு அர்த்தம். சத்தமே வரலேன்னா கடைக்காரர்கிட்ட ஒண்ணும் கேக்காதே, அடுத்த டூபாவுக்குப் போ.

ஏசி கடையில டியூனர் வச்சுப் பாத்து 'முள்ளு நடுவுல நிக்குது மாமா'ன்னு போன் பண்ணாதே. பித்தளை வாத்தியம் சூடேற ஏற சுருதியும் ஏறும். சித்திரை வெயில்ல நகரி மலை பாத்த பந்தல்ல உன் முள்ளு எங்கே போயி நிக்கும்னு உனக்கே தெரியும். சுருதி திருத்தற பெரிய ஸ்லைடை வெளிய இழுக்க எடம் மிச்சம் இருக்குதான்னு பாரு. ரெண்டு டூபாவ ஒத்துப் பாக்கறதா இருந்தா ரெண்டையும் கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கிட்டு அப்புறம் பாரு.

இன்னொரு சங்கதி. டூபா வாய் வானத்தைப் பாத்து நிக்கும். நீ ஊதறது பொண்ணு ஊட்டுக்காரனுக்குக் கேக்காது, தென்னை மரத்துக்குத்தான் கேக்கும். அமெரிக்காவுல சூசான்னு ஒரு பேண்டு மாஸ்டருக்காக 1893-ல தோள்ல மாட்டிக்கினு நடக்கற மாதிரி ஒண்ணு பண்ணினாங்க, சூசாபோனுன்னு பேரு. அதுக்கும் மொதல்ல வாயை மேல பாத்தே வச்சாங்க. மழை பிடிக்கறதுன்னு கிண்டல் பண்ணினாங்களாம். அப்புறந்தான் முன்பக்கம் திருப்பினாங்க. தெருவுல நடந்துக்கினே வாசிக்கப்போற நீ அதையும் ஒரு தரம் மாட்டிப் பாரு. பாக்கறதுக்கு மலைப்பாம்பு சுத்தினவன் கணக்கா இருப்பே. அதுல ஒண்ணும் புது மாத்தம் இல்லே.

வெளிநாட்டு வெலையக் கேட்டுத் தலை சுத்தினா நம்ம மீரட்டு சரக்கைக் கேளு. அங்கே ஜலி கோட்டியில தெருத்தெருவா பேண்டு வாத்தியந்தான் பண்றாங்க. நாதிர் அலி கம்பெனி 1885-ல ஆரம்பிச்சது. நம்ம நாட்டுக் கல்யாண ஊர்வலத்துல மின்னற பித்தளையில ஏகப்பட்டது அந்த ஊருதான். கையால பண்ற சாமான், ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. ஒரே மாடல்ல மூணு இருந்தா மூணையும் ஊதிப் பாரு, வெக்கப்படாதே. கடைக்காரர் மொறைப்பாரு, மொறைக்கட்டும்.

வெல பேசும்போது காசைக் குறைன்னு மட்டும் நிக்காதே. வால்வு எண்ணெய், துடைக்கற துணி, பெட்டி, மூணையும் கேளு. அதுல பெட்டிய விட்டுடாதே. ஏகாம்பரகுப்பத்துல ரயில்லேருந்து எறங்கி பஸ்ஸுல ஏத்துவே. சீட்டுல வச்சா அதுக்கும் டிக்கெட்டு எடுன்னுவாரு கண்டக்டரு. ஆந்திராவுல பொம்பளைங்களுக்குத்தான் பஸ்ஸு இலவசம், டூபாவுக்கு இல்லே. வேணும்னா உங்கம்மா மடியில வச்சுக் கூட்டிக்கினு வா.