டக், டக், டக், ட்ர்ர்...

ரிமோட்டை அமுக்கினால் நான்கு கதவும் ஒரே குரலில் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். சென்ட்ரல் லாக் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே அதற்குத்தான். எங்கள் காரில் மூன்று கதவுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. பின்பக்க இடது கதவு மட்டும் ‘ட்ர்ர்...’ என்று முனகும், பூட்டுவதா வேண்டாமா என்று பாதியில் யோசிக்கும், கடைசியில் வேண்டாம் என்று முடிவெடுக்கும். அதிலும் காலை வேளையில் அது தங்கக் கம்பி. மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால்தான் வேலைநிறுத்தம். மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று சாயங்காலம் கொண்டுபோனால், அவர் முன்னால் அழகாகப் பூட்டித் திறந்து என்னைப் பொய்யனாக்கிவிடும்.

இதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. கதவின் உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. அதை அமுக்கினால் பூட்டும், தூக்கினால் திறக்கும். அம்பாசடர் ஓடிய காலத்தில் எல்லாக் கதவுக்கும் இதுதான் விதி, யாரும் முறையிட்டதில்லை. ஆனால் ரிமோட் ருசி கண்ட கை கேட்குமா? தினமும் வண்டியைப் பூட்டிய பிறகு மறுபக்கம் போய், அந்தக் கதவைத் திறந்து, குமிழை அமுக்கிச் சாத்தி, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன், “தினம் வண்டியச் சுத்தி வர்றீங்களே சார், ஏதாச்சும் வேண்டுதலா?” என்று கேட்டேவிட்டார்.

பொறுமை போனது ஒரு கல்யாண மண்டப வாசலில். ஊரிலிருந்து வந்த பெரியப்பாவைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருந்தேன். வாசலில் நிறுத்தி, திறக்கிற பொத்தானை அமுக்கினேன். மூன்று ‘டக்’, ஒரு ‘ட்ர்ர்’.

“கதவு வரமாட்டேங்குதேடா.”

“அந்தக் குமிழத் தூக்குங்க பெரியப்பா.”

“எது, இதா?” என்று அவர் கண்ணாடி இறக்குகிற சுவிட்சை அமுக்க, கண்ணாடி சர்ரென்று இறங்கியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. வரவேற்பில் நின்றிருந்த பெண்கள், வயதானவர், இறங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தட்டோடு காரருகே வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகவே பன்னீர் தெளித்தார்கள். ஜன்னல் வழியாகவே சந்தனமும் கல்கண்டும் போயின. பெரியப்பாவும் தயங்காமல் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கினார். விட்டால் மொய்யையும் அங்கேயே எழுதியிருப்பார்.

மறுநாளே சர்வீஸ் சென்டர். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்த இளைஞர், “லாக் அசெம்பிளி மாத்தணும் சார். லேபரோட ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்” என்றார்.

“லாக் நல்லாத்தானே இருக்கு? கையால அமுக்கினா பூட்டுதே. மோட்டார்தான் வீக்.”

“மோட்டார் தனியா வராது சார்.”

“கடையில வருமா?”

“எங்கேயும் வராது சார். அசெம்பிளியாத்தான் வரும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மத்த மூணும் அதே வயசுதானே சார், நாலையும் சேர்த்து மாத்திட்டா நிம்மதி” என்றார். அவர் சொன்ன நிம்மதி இருபத்தாறாயிரம் ரூபாய். அது பழைய வண்டியாக நான் வாங்கிய கார். கதவை மட்டும் புதுசாக்கி என்ன செய்ய?

எனக்கு உறைத்தது தொகைகூட இல்லை, அந்த ‘தனியா வராது’தான். எங்கள் வீட்டு மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் தேய்ந்து தீப்பொறி பறந்தால் தெருமுனைக் கடையில் கொடுக்கிறோம். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பழைய கார்பனை எடுத்துவிட்டுப் புது ஜோடியைப் போட்டு, டீ ஆறுவதற்குள் திருப்பித் தருகிறார். கார்பனுக்காக மிக்ஸியையே மாற்றச் சொல்கிற கடைக்காரர் தமிழ்நாட்டில் அன்றோடு கடையை மூட வேண்டியதுதான். கார்க் கதவுக்குள் இருப்பதும் அதே வம்சம்தான்: ஒரு குட்டி மோட்டார், அதற்குள் இரண்டு கார்பன் துணுக்கு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். மிக்ஸிக்குக் கிடைக்கிற நியாயம் காருக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

அந்த மோட்டாரைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். வியாபாரத்தில் அதற்கு ‘280’ என்று பெயர், பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். இந்த மாதிரிக் குட்டி மோட்டார்களுக்குப் பேர்போன ஜப்பானின் மபுச்சி நிறுவனம் 1954-ல் தொடங்கியபோது செய்ததெல்லாம் பொம்மைகளுக்கான மோட்டார். பிற்பாடுதான் இந்தக் குலம் கார்க் கதவுக்குள்ளும் பக்கக் கண்ணாடிக்குள்ளும் குடியேறியது. என் கதவில் இருந்ததன்மேல் பெயர், ஊர் எதுவும் இல்லை. லட்சக்கணக்கில் விலை சொல்கிற வண்டியின் மொத்தப் பாதுகாப்பும் இந்தப் பொம்மை மோட்டாரின் ஒரு நொடி உழைப்பில் இருக்கிறது. இரண்டே ஒயர். 12 வோல்ட்டை இப்படிக் கொடுத்தால் பூட்டும், ஒயரை மாற்றிக் கொடுத்தால் திறக்கும். இந்த விஷயத்தில் பணக்காரர்களும் நிம்மதியாக இருந்ததில்லை என்பது ஒரு ஆறுதல். எழுபதுகளின் மெர்சிடிஸ் கார்களில் மோட்டாருக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிற குழாய்கள் ஓடின. ஒரு கதவில் ரப்பர் சவ்வு கிழிந்தால் மற்றக் கதவுகளுக்கும் சேர்த்து மூச்சு முட்டும்.

புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த லாக் கிடைக்கும், நாலில் ஒரு பங்கு விலைதான். ஆனால் அதுவும் என் வண்டியின் வயதுக்காரன், அதே வெயிலைத் தின்றவன். என் வீட்டு நோயாளியைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டு நோயாளியை வாங்கிவர எனக்கு இஷ்டமில்லை. ஜி.பி. ரோட்டில் எந்தக் காருக்கும் பொருந்தும் சென்ட்ரல் லாக் செட் விற்கிறார்கள். டிரைவர் கதவுக்கு ஐந்து ஒயர் மோட்டார், மற்றதற்கு இரண்டு ஒயர். அதில் ஒரு இரண்டு ஒயர் மோட்டாரை மட்டும் வாங்கி, ஓட்டை போட்ட தகரப் பட்டையில் முடுக்கி, லாக்கின் ராடோடு கோத்துவிடலாம். மலிவான வழி, மோசமும் இல்லை. என் வண்டியில் ராடு போகிற இடம் அதற்குத் தோதாக இல்லாததால் விட்டேன்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர் பேடைக் கழற்றினேன். முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கை போகாது. கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, திறக்கிற பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, இரண்டையும் மூடி போட்டு ஒளித்துவைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப். கீழ் ஓரத்திலிருந்து நெம்பினால் ‘படக், படக்’ என்று விட்டுக்கொண்டே வரும். சில கிளிப் வண்டியிலிருந்து விடும், சில உயிரையே விடும். அதற்குப் பின்னால் ஒரு பாலிதீன் தாள், அதை ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை. அந்தப் பசை கையில் பட்டால் சட்டைக்கு வரும், சட்டையிலிருந்து சோபாவுக்கு வரும், சோபாவிலிருந்து மனைவியின் கண்ணுக்கு வரும். கதவின் விளிம்பில் லாக்கைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூவைத் திருப்புளியை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புவது நல்லது. அதன் தலை தேய்ந்தால் பிறகு டிரில்தான் பேச வேண்டும்.

லாக் கைக்கு வந்தது. பிரிக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கி ஒட்டியது மாதிரிப் பெட்டி. ஆக்ஸா பிளேடால் ஒட்டின கோட்டோடு மெல்ல அறுத்துத் திறந்தேன். முன்னொரு காலத்தில் வெள்ளையாயிருந்த கிரீஸ் மெழுகாய் உறைந்திருந்தது. மோட்டாரின் பின்மூடியைப் பிடித்திருந்த காதுகளை நிமிர்த்தி உள்ளே பார்த்தால், கார்பன் இன்னும் பாதி மிச்சம். செம்பு வளையம்தான் கரி பூசி நின்றது. பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து அழி ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். பழைய டிவி மெக்கானிக்குகளின் கைவைத்தியம் இது. தேய்க்கத் தேய்க்கச் செம்பு சிவந்தது. ஸ்கூட்டி பேட்டரியில் ஒயரைத் தொட்டதும் ‘டக்’. மாற்றித் தொட்டேன், ‘டக்’. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் இது காலை நேரம். காலையில் அது எப்போதுமே யோக்கியன். மத்தியானத்தை வீட்டுக்குள் கொண்டுவர மனைவியின் ஹேர் டிரையரைக் கேட்டேன்.

“எதுக்கு?”

“மோட்டாருக்கு வெயில் காட்டணும்.”

அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தாள். அந்த மௌனத்தில் இருபது வருட இல்லறம் இருந்தது. சூடான காற்று கொஞ்ச நேரம் பட்டதும் பழையபடி ‘ட்ர்ர்’. நிஜக் குற்றவாளி பிடிபட்டான். மூடிக்குள் காசு மாதிரி ஒரு சின்னக் கறுப்பு வில்லை இருக்கிறது, பி.டி.சி. என்பார்கள். யாராவது விளையாட்டாய் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தாலோ, லாக் எங்காவது சிக்கிக்கொண்டாலோ மோட்டார் சூடேறும். உடனே இந்த வில்லை தன் தடையை ஏற்றிக்கொண்டு மின்சாரத்தை மறித்துவிடும். மோட்டார் எரியாமல் தப்பிக்கும். நல்ல காவல்காரன்தான். வயதானால் மட்டும், சாதாரண சித்திரை வெயிலையே ஆபத்தென்று நினைத்துக் கேட்டைச் சாத்திவிடுகிறான். வில்லையைத் தாண்டி ஒரு ஒயரை ஈயம் வைத்து ஒட்டிவிட்டால் மோட்டார் குதிரை மாதிரி ஓடும் என்று சிலர் சொல்வார்கள். ஓடும். என்றைக்காவது லாக் சிக்கினால் எரியவும் எரியும். கதவுக்குள் புகை வருகிற சிக்கனம் எனக்கு வேண்டாம்.

ரிச்சி தெருவில் பழைய மோட்டாரைக் காட்டினேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “டோர் லாக்கா? 280. ஷாஃப்ட் ரவுண்டா, ஃபிளாட்டா? நீளம் பாத்துக்குங்க, பி.டி.சி. உள்ளயே இருக்கு” என்று ஒன்றை மேஜையில் உருட்டிவிட்டார். நூற்றைம்பது ரூபாய். எங்கேயும் வராது என்றார்களே, அது இங்கே ஒரு டப்பா நிறையக் கிடந்தது.

பழைய தண்டிலிருந்த புழுப்பல்லைப் பதமாக நெம்பிப் புதியதில் ஏற்றி, புது கிரீஸ் வைத்து, அறுத்த பெட்டியை அரால்டைட்டால் ஒட்டிக் காயவைத்துக் கதவில் மாட்டினேன். இந்த வேலையில் உண்மையான ஆபத்து இங்கேதான் வருகிறது. எல்லாம் மாட்டியதும் கதவைச் சாத்திப் பார்க்கக் கை பரபரக்கும். சாத்தக்கூடாது. கதவைத் திறந்தே வைத்து, லாக்கின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, கதவு சாத்தியிருப்பதாக அதை நம்பவைக்க வேண்டும். பிறகு ரிமோட், உள்பிடி, வெளிப்பிடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒரு ராடு கோக்காமல் விட்டுப்போய்க் கதவைச் சாத்திவிட்டால், அதைச் சரிசெய்யக் கழற்ற வேண்டிய ஸ்க்ரூக்கள் மூடிய கதவின் விளிம்பில் இருக்கும்.

சரியாக அந்த நேரம் பார்த்து மூன்றாவது மாடிக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற என்ஜினீயர்.

“ரிப்பேர் ஆயிடுச்சா? ஓங்கி ஒரு தடவ சாத்திப் பாருங்க சார்.”

“இல்ல சார், இப்ப சாத்தக்கூடாது.”

“சாத்தாம எப்படித் தெரியும்? எங்க சர்வீஸ்ல லோட் டெஸ்ட் பண்ணாம எதையும் விடமாட்டோம்” என்று கதவின் மேல் கையை வைத்துவிட்டார். நான் குறுக்கே தொடையைக் கொடுத்தேன். அவர் தள்ள, நான் தாங்க, கொஞ்ச நேரம் அங்கே இழுபறி நடந்தது. ஏதோ பார்க்கிங் தகராறு என்று வாட்ச்மேன் ஓடிவந்தார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சமாதானம் செய்துதான் என்ஜினீயரை அப்புறப்படுத்த முடிந்தது. அதற்குப் பிறகு ஸ்க்ரூ டிரைவர் சோதனை முடித்து, மெதுவாகச் சாத்தினேன். டக்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி கணக்குக் கேட்டாள். மோட்டார், பேட் நெம்புகிற பிளாஸ்டிக் செட், கிளிப், கிரீஸ், மல்டிமீட்டர், அரால்டைட், ஆட்டோ என்று எழுதிக் கூட்டினோம். ஆயிரத்து எழுநூறு.

“அங்க ஆறாயிரத்து ஐந்நூறு கேட்டாங்க. அப்ப நாலாயிரத்து எண்ணூறு மிச்சம்” என்றேன்.

“எங்க இருக்கு?”

“எங்க இருக்குன்னா? செலவாகல இல்ல, அதான் மிச்சம்.”

“அப்படிப் பாத்தா, நான் இதுவரைக்கும் வாங்காத வைர நெக்லஸ்ல எவ்வளவு மிச்சம்னு எழுதிக்குங்க.”

எழுதவில்லை. அந்த வாரமே மிக்ஸி தீப்பொறி கக்கியது. நான் ஸ்க்ரூ டிரைவரோடு சமையலறைக்குப் போனபோது அவள் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“குடு, கார்பன்தானே. கார்க் கதவையே பிரிச்சவனுக்கு இதென்ன பெரிய விஷயம்?”

“கதவு நாலு நாள் திறந்து கிடந்தா பரவாயில்லங்க. எனக்குக் காலைல சட்னி அரைக்கணும்” என்று பையை என் கையில் கொடுத்தாள். “தெருமுனைக் கடை எட்டு மணி வரைக்கும்தான் இருக்கும்.”