இதில் என்ன உள்குத்து?

திருச்சியிலிருந்து மெல்போர்னுக்குப் போக வர 30,000 ரூபாய்க்கும் கீழே என்று கணினித் திரையில் வந்து நின்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "திரும்பக் கூட்டிட்டு வருவாங்களா?"

நியாயமான கேள்விதான். அதே வாரத்துக்கு மற்ற நிறுவனங்கள் 60,000, 70,000 என்று சொல்லிக்கொண்டிருந்தன. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம், அங்கிருந்து மெல்போர்னுக்கு இன்னொரு ஏழரை மணி நேரம். இவ்வளவு தூரத்துக்கு இந்த விலை என்றால், நடுக்கடலில் இறங்கித் தள்ளச் சொல்வார்களோ என்று எனக்கே தோன்றியது. ஆனால் மகளுக்கு அங்கே பேறுகாலம். போயே ஆகவேண்டும்.

சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்க எங்கள் தெருவில் ஆள் பஞ்சமே கிடையாது. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருக்கிறார். பொன்மலைக்காரர். உலகத்தில் நகர்கிற எதையும் ரயிலாகத்தான் பார்ப்பார். விலையைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆர்.ஏ.சி.யா இருக்கும் சார். சைடு லோயர்ல ரெண்டு பேரை உட்கார வச்சிருவான். மெல்போர்ன் வரைக்கும் காலை மடக்கிக்கிட்டே போகணும்" என்றார். சென்னையிலிருந்து மைத்துனன் ஃபோன் செய்து, "மாமா, அந்த வெப்சைட்டே டூப்பா இருக்கும். கார்டு நம்பரைக் குடுத்துறாதீங்க" என்று எச்சரித்தான். வந்து போகும் சொந்தக்காரர்கள் விமானம் பழசு, பைலட் புதுசு, பெட்ரோல் கம்மி என்று ஆளுக்கொரு காரணம் வைத்துவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். மலிவான டிக்கெட்டால் எங்களுக்கு ஏற்பட்ட முதல் கூடுதல் செலவு அந்தக் காபிதான்.

வேலைக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். ஒரு விலை குறைவாக இருந்தால், அது எந்தத் தலைப்பில் குறைந்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. தேடித் தெரிந்துகொண்டது இதுதான். பறந்துபோன விமானத்தின் காலி இருக்கையை மறுநாள் விற்க முடியாது. அதனால் ஒரே மாதிரி இருக்கைகளுக்குள்ளேயே பல விலைகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள். எந்த எழுத்தில் எத்தனை இருக்கை விற்கலாம் என்று கணினி விடியவிடியக் கணக்குப் போடுகிறது. 1985இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனத்தோடு மோத அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த வித்தையைப் பெரிய அளவில் இறக்கியது. பிறகு எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ ஆம்னி பஸ் ஏற நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அங்கே விலை மேலே ஏறுகிற அழகை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். ஆள் வராத நாளில் அதே வித்தை கீழேயும் இறங்கும். அந்த நாளில் பயணம் போக நமக்கு மனசு வராது, அவ்வளவுதான். எங்களுக்குக் கிடைத்த விலைகூட ஒரு செவ்வாய்க்கிழமைக்குத்தான். அன்றைக்கு ராகு காலம் மதியம் மூன்றிலிருந்து நாலரை, விமானம் இரவில் என்று மனைவி பார்த்துச் சொன்ன பிறகே அது செல்லுபடியாகும் விலையானது.

கண்டம் தாண்டும் மலிவுப் பயணத்துக்கு மூலபுருஷர் ஃப்ரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர். 1977 செப்டம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு வழிக் கட்டணம் 59 பவுண்டு என்று விமானம் விட்டார். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று வாங்கவேண்டும். சாப்பாட்டுக்குத் தனிக் காசு. அந்தச் சேவைக்கு அவர் வைத்த பெயர் ஸ்கைட்ரெய்ன். இதைக் கேட்டதும் எதிர்வீட்டுக் கார்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்த்தீங்களா சார், ரயில்னு பேர் வச்சதும்தான் ஜனங்க ஏறியிருக்காங்க!" மறுவருஷமே லேக்கருக்கு சர் பட்டம் கிடைத்ததையும் சொன்னேன். 1982 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானதைச் சொன்னபோது மட்டும் அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் மனைவியின் முதல் கேள்விக்கு மரியாதை செய்தாகவேண்டும். ஐஸ்லாந்தைச் சேர்ந்த வாவ் ஏர் என்ற நிறுவனம், ஊதா நிற விமானங்களோடு, 2018 டிசம்பரில் டெல்லிக்கு வந்தது. ரெய்க்யவிக் வழியாக வட அமெரிக்காவுக்கு 13,499 ரூபாயிலிருந்து டிக்கெட் என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்த மாதமே டெல்லி சேவை நின்றது. 2019 மார்ச் 28 அன்று நிறுவனமே நின்றுபோனது. அங்கங்கே விமான நிலையங்களில் பயணிகள் பெட்டியோடு நின்றார்கள். திரும்பக் கூட்டிக்கொண்டு வருவார்களா என்பது ஆக, எங்கள் வீட்டுச் சமையலறையில் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. டிக்கெட் விற்கிறவன் இன்னும் ஒரு வருஷம் இருப்பானா என்று பார்ப்பதுதான் மலிவு விலையில் முதலில் பார்க்கவேண்டியது. காலிடம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

மைத்துனன் இதற்குள் கட்சி மாறியிருந்தான். "தப்பா விலை போட்டிருப்பாங்க மாமா, டக்குனு வாங்கிருங்க." அதுவும் நடக்கிறதுதான். 2019 புத்தாண்டில் கேத்தே பசிபிக் நிறுவனம், வியட்நாமிலிருந்து நியூயார்க்குக்குப் போய்வரும் உயர்வகுப்பு டிக்கெட்டை சுமார் 675 டாலருக்குத் தவறுதலாக விற்றுவிட்டது. சரியான விலை பல ஆயிரம் டாலர். விற்றது விற்றதுதான் என்று அவர்கள் ஏற்றியும் சென்றார்கள். எல்லா நிறுவனமும் அப்படிப் பெருந்தன்மை காட்டுவதில்லை. எங்கள் விலையில் தவறும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை.

என்ன இருந்தது என்றால், அடுத்தடுத்த பக்கங்கள் இருந்தன. அந்த விலைக்குள் ஓர் ஆளும் கையில் 7 கிலோவும் அடக்கம். பெட்டி வேண்டுமா? காசு. சாப்பாடு, தண்ணீர்? காசு. போர்வை? காசு. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்றால், இந்த மாதிரி நிறுவனங்கள் சிலவற்றில் வெளிச் சாப்பாட்டை உள்ளே சாப்பிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. சினிமா கொட்டகைக்காரர்கள் ஆகாயத்துக்கும் போய்விட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவேண்டுமானால் அதற்கும் தனிக் கட்டணம். நான் பணம் கட்டப் போனேன். மனைவி கையைப் பிடித்துத் தடுத்தாள். "இத்தனை வருஷம் பக்கத்துலயே உட்கார்ந்தாச்சுங்க. அந்தக் காசை மிச்சம் பிடிங்க."

பெயர் எழுதும் கட்டம் தமிழர்களுக்கென்றே தனியாகச் செய்த சோதனை. குடும்பப் பெயர் இல்லாமல் அந்தக் கணினி நகராது. என் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியிருக்கிறார்கள். அதனால் வெளிநாட்டுக் கவுன்ட்டர்களில் எல்லாரும் என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். உயிரோடு இருந்தவரை திருவெறும்பூருக்கு அப்பால் போகப் பிரியப்படாத மனுஷர், காலமான பிறகு கண்டம் கண்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், என் பெயர். ஆகவே அப்பாவைக் கூப்பிட்டால் நான் எழுந்து போகவேண்டும், என்னைக் கூப்பிட்டால் அவள் எழுந்து போகவேண்டும். மலிவு டிக்கெட்டில் பெயரை மாற்றி எழுதிவிட்டால் திருத்தக் கட்டணம் உண்டு, சில இடங்களில் திருத்தவே முடியாது. அந்தப் பக்கத்தை நிரப்பும்போது வீட்டில் தொலைக்காட்சி அணைக்கப்பட்டது.

இதைவிட மலிவாகவும் ஒரு வழி கண்ணில் பட்டது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து மெல்போர்னுக்கு வேறொரு டிக்கெட். இதில்தான் உண்மையான உள்குத்து இருக்கிறது. இரண்டும் தனித்தனி என்றால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. பணமும் திரும்பாது. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போடக் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வரவேண்டியிருக்கும். அப்போது அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி வேண்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் இடம் கொடுக்கிறது. எல்லா ஊரும் அப்படியல்ல. ஆயிரம் ரூபாய் லாபத்துக்கு அந்நிய விமான நிலையத்தில் பெட்டிமேல் படுத்துத் தூங்க எங்கள் முதுகு சம்மதிக்கவில்லை.

இறங்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். ஐரோப்பாவில் பிராங்க்பர்ட் என்று பெயர் போட்டு விற்கும் ஹான் விமான நிலையம், அந்த நகரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல். மெல்போர்னிலும் டல்லமரீன் தவிர அவலான் என்று ஒன்று உண்டு, ஊரைவிட்டு 50 கிலோமீட்டர் தள்ளி. 2018 கடைசியில் ஒரு மலிவு நிறுவனம் கோலாலம்பூர் சேவையை அங்கே கொண்டுபோய், சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. "நம்மாளு எக்மோருக்கு டிக்கெட் குடுத்துத் தாம்பரத்துல இறக்கிவிடலையா?" என்றார் கார்டு. எங்கள் டிக்கெட் டல்லமரீனுக்குத்தான்.

இனி பெட்டி. பேறுகாலத்துக்குப் போகும் ஒரு தாயின் பெட்டியைப் பற்றி விமான நிறுவனங்கள் எந்த ஆராய்ச்சியும் செய்ததாகத் தெரியவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம், பூண்டு லேகியம், கருப்பட்டி, கஞ்சி மாவு, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், இவற்றை உரைக்க ஒரு கல். கல் கல்லாகவே எடை போடும். "மெல்போர்ன்ல கல்லே கிடையாதா?" என்று கேட்டேன். அங்கே கிடைப்பது அந்தக் கல் இல்லையாம். கூலிக்குச் சாமான் சுமந்து சிங்கப்பூர் போய்வரும் 'குருவி' ஒருவர் இலவசமாக ஆலோசனை சொன்னார். "அம்மா, பட்டுப்புடவையைப் பெட்டியில வைக்காதீங்க, கட்டிக்கிட்டுப் போங்க. உடம்பை யாரும் எடை போட மாட்டான்." தொழில் தெரிந்தவர் பேச்சு.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு சங்கதி. கொண்டுவரும் உணவுப் பொருளை எல்லாம் இறங்கும்போது அட்டையில் ஒப்புக்கொண்டு எழுதவேண்டும். மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் தண்டம். உள்ளபடி சொல்லிவிட்டால், ஆகாததை மட்டும் எடுத்துக்கொண்டு நம்மை விட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை உள்ளே போகாது. இதை நான் சொன்னபோது வீட்டில் நிலவிய மௌனம், டிக்கெட் விலை ஏறியபோதுகூட நிலவவில்லை.

கடைசியில் கூட்டிப் பார்த்தேன். பெட்டிகள், இரண்டு வேளைச் சாப்பாடு, வங்கி அட்டைக்கு ஒரு கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 48,000 சொச்சம். அப்படியும் மற்றவர்களைவிட ஏறக்குறைய 12,000 குறைவுதான். ஆக, ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாம் சின்ன எழுத்தில் எழுதியே இருக்கிறது. முதலில் தெரிந்த அந்த விலையும் பொய் இல்லை. பெட்டி இல்லாத, பசிக்காத, குளிராத, பக்கத்தில் யாரும் வேண்டாத, செவ்வாய்க்கிழமை கிளம்பச் சம்மதிக்கிற ஒருவருக்கு அது உண்மையான விலை. அந்த லட்சணங்கள் நம் சித்தர்களுக்கு உண்டு. ஆனால் அவர்களிடம் ஆகாயத்தில் பறக்க வைக்கும் ககனக் குளிகை இருந்ததாகச் சொல்கிறார்கள், டிக்கெட் வாங்கவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

தேதி மாற்றினால் மட்டும் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். "குழந்தைகிட்ட நீங்களே பேசிக்குங்கப்பா" என்றுவிட்டாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிறவர்களில் அடுத்த மாதம் மெல்போர்ன் பக்கம் போகிற சித்தர் யாராவது இருந்தால், தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வந்து போங்கள். உங்கள் 7 கிலோ எப்படியும் சும்மாதான் போகும். இங்கே உரைகல்லும் நாலு கிலோ கஞ்சி மாவும் மிச்சம் இருக்கின்றன.