டீ, போகி, கேடி: நீலகிரி மலையில் கோல்ஃப் பந்தய ஊகம் குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரை

கோல்ஃப் என்பது, சிறு வெள்ளைப் பந்தொன்றை நீண்ட கோலால் அடித்து, புல்வெளியின் மறுகோடியில் வெட்டப்பட்ட நாலேகால் அங்குலக் குழிக்குள் இயன்ற அளவு குறைந்த அடிகளில் விழச் செய்யும் ஆட்டமாகும். இதற்குத் தமிழில் குழிப்பந்தாட்டம் என்றொரு பெயர் உண்டு. அகராதிக்கு வெளியே அது புழங்காததால் இக்கட்டுரையும் கோல்ஃப் என்றே வழங்கும். இவ்வாட்டத்தோடு தொடர்புடையோர் இரு வகையினர். ஆடுவோர் ஒரு வகை. ஆடாமலும் ஆடுகளத்தில் கால் வைக்காமலும், ஏழு கடல் தாண்டி எவரோ ஆடுவதை விடிய விடியத் தொலைக்காட்சியில் பார்த்து, வெல்பவர் இன்னார் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்லி, சொன்ன சொல்லுக்கு ஈடாக எதையேனும் வைத்து இழப்போர் மற்றொரு வகை. முதல் வகையினரைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் உள்ளன. இரண்டாம் வகையினரைப் பற்றி அவர்தம் வீட்டார் சொல்வது மட்டுமே உள்ளது; அதுவும் அச்சேறும் தரத்தில் இல்லை. இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களமாக நீலகிரி தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு மொழியியல் காரணமே முதன்மையானது. கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்குமான முதல் அடியை அடிக்கும்போது பந்தை ஏற்றி வைக்கும் சிறு முளைக்கு டீ என்று பெயர். இம்மலையில் டீ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆங்கில எழுத்தில் இவ்விரண்டும் வேறு வேறாகத் தெரியலாம், தமிழ் எழுத்திலோ அவற்றுக்கிடையே இம்மியளவும் வேற்றுமை இல்லை. ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வகுத்த கணக்குக்குப் பார் என்று பெயர். தமிழில் அது உலகத்தையும் குறிக்கும், மாலை ஆறு மணிக்கு மேல் சிலர் தேடிப்போகும் இடத்தையும் குறிக்கும். அந்தக் கணக்கை ஓர் அடி மிஞ்சினால் அது போகி. பழையன கழியும் நாளின் பெயரைத் தன் கணக்கில் ஓர் அடி கூடியவனுக்குச் சூட்டிய பொருத்தம் வியக்கத்தக்கது. கோல்பையைச் சுமந்துகொண்டு உடன் நடந்து, காற்றின் போக்கையும் புல்லின் சாய்வையும் ஆட்டக்காரருக்கு எடுத்துச் சொல்லும் உதவியாளர் கேடி எனப்படுவார். காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து தெருவுக்கு இறங்கிய கேடி என்னும் சொல்லோடு இதற்கு உறவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஊட்டி, வெலிங்டன் ஜிம்கானா மைதானங்களில் அத்தொழில் செய்வோர் மனம் நோகக் கூடாது என்பது ஒருபுறமிருக்க, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை உண்மையிலேயே அறிந்தவர்கள் அவர்கள் மட்டுமே.

வரலாற்றுக் காரணமும் உண்டு. பந்தைக் குழிக்குள் தள்ளும் கலைக்குச் சட்டம் வகுப்பதில் இம்மலை முன்னோடி. 1875இல் ஜபல்பூரில் படைவீரர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகளை நெவில் சேம்பர்லின் என்னும் இராணுவ அதிகாரி ஒழுங்குபடுத்தியதும், அவை 1882இல் சுவரேறியதும் ஊட்டி கிளப்பில்தான். பின்னாளில் ஹிட்லரிடம் கையெழுத்து வாங்கிவந்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேறொருவர். இருவரையும் குழப்பிக்கொண்டு இம்மலைமேல் கூடுதல் பழி சுமத்த வேண்டாம்.

இனி, ஈடு வைப்பதைப் பற்றி. தமிழ்நாட்டில் பந்தயம் கட்டுவதன் வரலாறு, அதைத் தடுக்க இயற்றிய சட்டங்களின் வரலாறுதான். 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் வந்த சட்டம், இணையச் சூதாட்டத்துக்கு எதிரான 2022ஆம் ஆண்டுச் சட்டம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்த 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் என்று அது நீள்கிறது. இடையில் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை அன்று, திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்து, 1930, 1974ஆம் ஆண்டுச் சட்டங்களின் தண்டனைப் பிரிவுகள் அதற்குப் பொருந்தா என்றது. ஆனால் ஊட்டியின் குதிரைப் பந்தய மைதானத்தை, குத்தகை பாக்கி வழக்கைத் தொடர்ந்து, 2024 ஜூலையில் அரசு மீட்டுக்கொண்டது. இதனால் கோடைதோறும் குதிரையின் தொடையையும் ஜாக்கியின் எடையையும் கணித்துப் பழகிய ஒரு பேரறிவு வேலையற்றுப் போனது. அவ்வறிவு கோல்ஃப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லரின் இடுப்புத் திருப்பத்தை அலசத் தொடங்கியதில் வியப்பில்லை.

சட்டத்தை மதிக்கும் மலைவாசிக்கு உரிய ஈட்டுப்பொருள் வர்க்கி என்பதே இக்கட்டுரையின் துணிபு. வர்க்கி என்பது மைதாவைப் பிசைந்து, மடித்து மடித்து அடுக்காக்கி, விறகு அடுப்பில் மொறுமொறுப்பாகச் சுட்டெடுக்கும் ஊட்டிப் பண்டம். டீயில் தோய்த்து உண்பது. அது பணமாகாவிட்டாலும் சட்டம் சொல்லும் ஈட்டுப்பொருளில் அடங்காதா என்று வழக்கறிஞர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும், தோற்றவர் கொடுத்த கணமே வென்றவர் வாய்க்குள் போய்விடுவதால், சான்றுப் பொருள் எப்போதும் மிஞ்சுவதில்லை.

ஊகத்துக்குரிய பெரும் போட்டிகள் ஆண்டுக்கு நான்கு: ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் மாஸ்டர்ஸ், மே மாதத்தில் பிஜிஏ, ஜூனில் அமெரிக்க ஓப்பன், ஜூலையில் பிரிட்டனில் ஓப்பன். கடைசியாகச் சொன்னதே மூத்தது. 1860இல் பிரஸ்ட்விக்கில் எட்டே பேர் ஆடித் தொடங்கியது. ஒவ்வொன்றும் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள், நாளுக்குப் பதினெட்டுக் குழி. பாதியில், அதாவது வெள்ளி இரவில், பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள். இதற்குக் கட் என்று பெயர். ஒருவர் நம்பிய வீரர் கட்டில் போய்விட்டால், மீதி இரண்டு இரவும் அவர் தூங்கலாம். சூதாட்ட வகைகளுள் உடல்நலத்துக்கு இத்தனை இடம் கொடுப்பது வேறெதுவும் இல்லை.

நீலகிரியின் ஊகவாதிகளுள் பஞ்சாங்க மரபினர் தனித்துக் குறிப்பிடத்தக்கவர்கள். அகஸ்டாவுக்கும் உதகைக்கும் ஏப்ரலில் ஒன்பதரை மணி நேர வேறுபாடு உண்டாகையால், அங்கே ஞாயிறு மாலை ஏழு மணிக்கு விழும் கடைசிப் பந்து இங்கே திங்கள் விடியற்காலை நாலரைக்கு விழுகிறது. அந்தத் திங்கட்கிழமை சித்திரை முதல் நாளை உரசிக்கொண்டு வருவதே இம்மரபின் அடித்தளம். 2019இல் விகாரி ஆண்டு பிறந்த அன்றிரவு, நள்ளிரவை ஒட்டி, 43 வயது டைகர் வுட்ஸ் பதினோர் ஆண்டுக்குப் பின் ஒரு பெரும் போட்டியை வென்றார். அவர்மீது 85,000 டாலரை ஒன்றுக்குப் பதினாலு வீதம் கட்டியிருந்த ஓர் அமெரிக்கர் 11 இலட்சத்து 90 ஆயிரம் டாலர் பெற்றார். 2025 இன்னும் வலுவான சான்று. ரோரி மெக்கில்ராய் இரண்டு அடி முன்னணியோடு கடைசி நாளைத் தொடங்கி, முதல் குழியிலேயே இரட்டைப் போகி போட்டு அந்த முன்னணியை எரித்தார். மீண்டு எழுந்து நாலடி முந்தியவர், பதின்மூன்றாம் குழியில், கைக்கெட்டும் தூரத்திலிருந்து, பந்தைத் தானாகவே ஓடைக்குள் போட்டார். பதினெட்டாம் குழியருகே ஐந்தடித் தொலைவில் பந்து நின்றபோது, தட்டினால் பட்டம். தட்டினார், பந்து குழியின் ஓரத்தைக் கடந்து போயிற்று. ஜஸ்டின் ரோஸோடு மறுபடியும் அதே பதினெட்டாம் குழிக்குப் போய், இம்முறை தவறாமல் தள்ளிவிட்டு, முழங்காலில் சரிந்து முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டபோது, இங்கே மணி ஐந்தாகச் சிறிது நேரமே இருந்தது. விசுவாவசு ஆண்டு பிறந்திருந்தது. கனி காணக் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்த வீட்டார் முதலில் கண்டது வட அயர்லாந்துக்காரர் ஒருவர் குலுங்கி அழுவதை.

2024இலும் கடைசி நாள் சித்திரை முதல் தேதியன்றே விழுந்தது. ஆனால் அன்று வென்றவர் உலகின் முதல் நிலை வீரர் ஷெஃப்லர். எல்லோரும் எதிர்பார்த்தவர் வென்றால் அதற்குப் பஞ்சாங்கம் எதற்கு என்று இம்மரபினர் அந்த ஆண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கு எதிரான மரபைப் புதர் மரபு எனலாம். ஸ்காட்லாந்துக் கடற்கரை மைதானங்களில் பந்தை விழுங்கிக் காத்திருக்கும் கோர்ஸ் என்னும் மஞ்சள் பூ முட்புதரை, பிரிட்டிஷார் ஊர் நினைவில் கொண்டுவந்து நீலகிரியிலும் நட்டனர். அது சோலையோரப் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டு, இன்று வனத்துறையே வேரோடு பிடுங்கத் திணறும் களையாகிவிட்டது. சிறுவயதில் அந்தப் புதரில் கையைவிட்டுக் கீறிக்கொண்டவருக்கு ஓப்பன் போட்டியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை பிறப்பிலேயே உண்டு என்பது இம்மரபின் கொள்கை. கொள்கை அழகானது, கணிப்பு அவ்வப்போது சறுக்குகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருப்பதால் ஊட்டியில் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும். இங்கே பார்த்துப் பழகிய கண்ணால் ஸ்காட்லாந்தின் தடித்த கடற்காற்றை அளக்க முடியாது. மேலும் அங்கே காட்டுமாடு குறுக்கே வருவதில்லை. 1999இல் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பனில் ழான் வான் டெ வெல்ட் கடைசிக் குழியில் ஆறு அடி அடித்தாலே போதும் என்ற நிலையில், ஓடைக்குள் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கி நின்று, ஏழடித்துச் சமனாகி, பிறகு பால் லாரியிடம் தோற்றதை எந்தப் புதரும் முன்னறிவிக்கவில்லை.

எண் மரபினரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மரத்தின் இலையையும் காயையும் நொடியில் எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்ற பின்னரே நளன் இழந்த நாட்டை மீட்டான் என்று கதை சொல்வதால், இம்மரபுக்குத் தொன்மை உண்டு. ஒன்றுக்குப் பத்து என்றால் பதினொன்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். ஓப்பனின் 156 ஆட்டக்காரர்களுக்கும் பந்தயக் கடைக்காரர் சொல்லும் வீதங்களை இப்படி வாய்ப்பாக மாற்றிக் கூட்டினால் நூறு வர வேண்டிய இடத்தில் நூற்று முப்பது, நாற்பது என்று வரும். அந்த உபரி கடைக்காரருடையது. இதைக் கண்டுபிடித்த எண் மரபினர் எவரும் அதன்பின் அந்தக் கடைப் பக்கம் போகாதிருந்திருக்க வேண்டும்.

கடைக்காரரே இல்லாத முறை ஒன்று உண்டு. அதன் பெயர் கல்கத்தா. குதிரைப் பந்தயத்துக்காகக் கல்கத்தாவில் பிரிட்டிஷார் கைக்கொண்டதாகக் கருதப்படும் இம்முறையில், ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏலம் விடப்படுவர். சேர்ந்த தொகை முழுவதும் வென்றவரையும் அடுத்து வந்தவர்களையும் ஏலத்தில் எடுத்தவர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படும். அமெரிக்க கோல்ஃப் கிளப்புகளில் இது பல்லாண்டு கொடிகட்டிப் பறந்தது. 1955இல் நியூயார்க் அருகே டீப்டேல் கிளப்பில், கைதேர்ந்த இருவர் கற்றுக்குட்டிகளைப் போல் பதிவுசெய்துகொண்டு வென்ற மோசடி வெளிவந்த பிறகே அங்கே அதன் மவுசு குறைந்தது. கண்டுபிடித்த நாட்டில் இதை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஆனால் குன்னூருக்கு ஏலம் புதிதன்று. அங்கே தேயிலை ஏலம் 1963 முதல் நடந்துவருகிறது. இன்று கணினித் திரையில் நடந்தாலும், நாள் வாரந்தோறும் வியாழனும் வெள்ளியும்தான். பெரும் போட்டிகள் தொடங்குவதும் வியாழனே என்பது தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று. ஏலத்தில் தேயிலை லாட் லாட்டாக வருகிறது. சுவைப்பவர் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு விலை சொல்கிறார். தான் விரும்பிக் குடிக்கும் டீக்கும் தான் விலை சொல்ல வேண்டிய டீக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிவார். கோல்ஃப் ஊகவாதிக்கு இல்லாத ஒரே தகுதி இதுதான். பிடித்த வீரரை அவர் துப்புவதில்லை, விழுங்கிவிடுகிறார்.

எனவே இக்கட்டுரை முன்வைக்கும் முறை வருமாறு. புதன் மாலை கூடி, முன்னணி வீரர் இருபது பேரைத் தனித்தனி லாட்டாக, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று வர்க்கிக்கு ஏலம் விட வேண்டும். மீதியுள்ளோரை மூட்டையாகக் கட்டி டஸ்ட் என்னும் பெயரில் விடலாம். டஸ்ட் என்பது இழிபெயரன்று. தமிழ்நாட்டு டீக்கடைகள் பெரும்பாலும் அந்தத் தூளில்தான் நடக்கின்றன. 2003ஆம் ஆண்டு ஓப்பனை வென்ற பென் கர்ட்டிஸ், உலகத் தரவரிசையில் 396ஆம் இடத்திலிருந்து வந்து, தான் ஆடிய முதல் பெரும் போட்டியிலேயே வென்றார். அத்தகையவர் இந்த மூட்டையில்தான் இருப்பார். தோட்டத்துக்காரர்கள் நீண்டகால லாட் ஒன்றும் எடுக்கலாம். 2004இல், மகனுக்கு 15 வயதாக இருந்தபோதே, பத்தாண்டுக்குள் அவன் ஓப்பனை வெல்வான் என்று மெக்கில்ராயின் தந்தை ஒன்றுக்கு ஐந்நூறு வீதம் கட்டினார். 2014இல் மகன் வென்றுகொடுத்தார். செடி நட்டு, கொழுந்து கிள்ள மூன்று நான்கு ஆண்டு காத்திருப்போருக்கு இது பெரிய காத்திருப்பன்று.

ஏலத்துக்கு வருவோர் தம் வர்க்கியை இறுக மூடும் டப்பாவில் கொண்டுவர வேண்டும். புதனன்று திறந்து வைத்த வர்க்கி, இம்மலையின் பனியில், திங்கட்கிழமைக்குள் நமுத்துவிடும். வென்றவருக்கு அது ஆகாது.